ஆளில்லாத ஊரின் படம்

மடு மாதா துணை

பலெர்மோ
4.9.1994

அன்பு மகன் வலன்ரைனுக்கு,

உன் அம்மா றோசமலர் எழுதுவது. இங்கே நானும் உன் மகள் அமலினியும் தேக சுகத்தோடு இருக்கிறோம். முழங்கால் மட்டும் படியேறும்போது என்னோடு கோபித்துக்கொள்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதமும் படமும் கொட்வின் தம்பி மூலம் வந்து சேர்ந்தன. எப்போதும் சிநேகிதனுடைய விலாசம்தானா? லொஸ் ஏஞ்சலிசில் உனக்கென்று ஒரு கதவு இல்லையா? பெரிய நகரத்தில் இருக்கிற பிள்ளை கட்டடங்களைப் படம்பிடித்து அனுப்புவான் என்று உறையைத் திறந்தால் மணல், இடிந்த சுவர், ஒரு தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய நெடுஞ்சாலையால் போய் இந்தப் பாழூரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பாழூர் பார்க்க அமெரிக்காவுக்கா போக வேண்டும்? மன்னாரில் நாங்கள் பார்த்தது போதாதா?

பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால் எங்கள் சனம் சுற்றிக்கொள்கிறது. "றோசமலரக்கா, மோன் அங்கை என்ன செய்யிறார்?" என்று கேட்டார்கள். "பெரிய பெற்றோல் நிலையத்திலை மனேச்சர்" என்று சொல்லிவைத்தேன். நீ அப்படி எழுதவில்லைதான். ஆனால் அப்படி வரக்கூடியவன்தானே.

உன் பெர்மெசோ, இங்கே இருக்கிறதற்கான அனுமதி, வருகிற ஜூனோடு முடிகிறது. அதற்குள் நீயே வந்து குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நின்று புதுப்பிக்க வேண்டும். தவறினால் இத்தாலிக் கதவு சாத்தியதுதான். அங்கே அகதி வழக்கு தீருமுன் வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள் என்கிறாய். இரண்டு கதவில் எது என்று யோசித்து எழுது.

விமலராணி கண்மூடிய பிறகு அமலினிக்கு நீதான் தாயும். நீ போன புதிதில் "அப்பா எப்ப வருவார்?" என்று என் உயிரை வாங்கினாள். இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

அம்மா


9.10.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். சிஞ்ஞோரா வீட்டில் படி கழுவுகிற வேலையை விடுங்கள் என்று எத்தனை தரம் எழுதிவிட்டேன்.

பாழூர் பார்க்கவா அமெரிக்கா போனாய் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சோல்ற் வெல்ஸ். சுற்றிவரப் பாலைவனம். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் தண்ணீர் நிரப்ப ரயில் அங்கே நிற்குமாம். ரயில் நின்றபடியால் ஊர் வந்தது. ஸ்டேசன், தபால் கந்தோர், பள்ளிக்கூடம், சின்னதாய் ஒரு கோவில். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. தண்ணீர் தேவையில்லை, ரயில் நிற்கவில்லை. நெடுஞ்சாலையால் போன கார்க்காரர் சாப்பிடவும் படுக்கவும் இறங்கியதில் ஊர் இன்னும் கொஞ்சக் காலம் மூச்சுவிட்டது. கடைசியில் அகலமான புது ரோட்டை மலைக்கு அந்தப் பக்கத்தால் போட்டுவிட்டார்கள்.

ஒருவரும் அந்தச் சனத்தைக் கலைக்கவில்லை, அம்மா. குண்டு போடவில்லை. ஆறுதலாகச் சாமான் கட்டி, கதவைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை வருசா வருசம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். ஓடவேண்டிய அவசரமில்லாமலும் ஓர் ஊர் வெறுமையாகும் என்பது எனக்குப் பெரிய அதிசயம்.

சாமான் ரயில்கள் இன்னும் போகின்றன, நிற்பதில்லை. விடியற்காலையில் குளிருக்குத் தண்டவாளம் தானாகவே கிணுகிணுக்கும். பின்னேரம் மலையெல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிடும்.

அமலினிக்கு ஒரு ரயில் செய்து அனுப்புகிறேன். தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற பழைய சிலிப்பர்க் கட்டையில் வெட்டியது. தார் மணக்கும், வெயிலில் வையுங்கள். இன்னும் சில படங்களும் வைத்திருக்கிறேன்.

ஜூன் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மகன்
வலன்ரைன்


மடு மாதா துணை

பலெர்மோ
8.11.1994

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். ஏனென்று சொல்கிறேன், இருந்து வாசி.

சகல ஆத்துமாக்கள் திருநாளன்று இங்கத்தைப் பிள்ளைகளுக்குச் செத்துப்போன உறவுகள் இரவோடிரவாக வந்து விளையாட்டுச் சாமானும் சர்க்கரைப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? நீ அமெரிக்கா போன அந்த வருசம் அமலினி பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் செத்தவர்கள் என்னென்னவோ கொண்டுவந்திருக்கிறார்கள், தன் அம்மா மட்டும் மறந்துவிட்டாள் என்று. அதிலிருந்து விமலராணி பேரில் நான் வருசா வருசம் ஏதாவது வைத்துவருகிறேன்.

இந்த வருசம் உன் பொதியும் அதே கிழமை வந்தது. இரட்டைச் சந்தோசமாக இருக்கட்டும் என்று சர்க்கரைப் பொம்மைக்குப் பக்கத்தில் உன் ரயிலையும் படங்களையும் வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "இது அப்பா கொண்டந்ததோ?" என்றாள். "ஓமடி குஞ்சு, அப்பாதான்" என்றேன்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை. நவம்பர் மாதத்தில் பீடத்துக்கு முன்னால் பெட்டி வைப்பார்கள், செத்தவர்களின் பேரை எழுதிப் போட்டால் சுவாமி வாசித்து மன்றாடுவார். நானும் உன் தகப்பனார் பேரையும் விமலராணி பேரையும் எழுதிப் போட்டிருந்தேன். சுவாமி வாசிக்கிறார்: "சுவாம்பிள்ளை... விமலராணி..." நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அடுத்ததாக, "வலன்ரைன்" என்கிறார்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. எழும்பி நின்று, "சுவாமி! என்ரை மோன் சாகேல்லை! அமெரிக்காவிலை இருக்கிறான்!" என்று கத்திவிட்டேன். பூசை நின்றது. பாடகர் குழுப் பெட்டைகள் சிரித்தார்கள்.

வாசலில் ஞானம்பிகை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்களுக்கு மறைக்காதேங்கோ. எப்ப நடந்தது?"

"உன்ரை வாயிலை மண்ணை அள்ளிப் போட!" என்றேன். கோவில் வாசல் என்றும் பார்க்கவில்லை.

அவள் பின்னேரம் சோறும் கறியும் கொண்டுவந்துவிட்டாள், செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதாம். சட்டியோடு திருப்பி அனுப்பினேன்.

பிள்ளையை மடியில் வைத்துக் கேட்டேன். "ஏனடி அப்பாவின்ரை பேரைப் போட்டனீ?"

"அண்டைக்குச் செத்த ஆக்கள் மட்டுந்தானே கொண்டுவருவினம், அப்பம்மா. பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற மாயெஸ்திராவும் அப்பிடித்தான் சொன்னவ. அப்பா அனுப்பின படத்தையும் பாருங்கோ. ஒருத்தரும் இல்லை. வீடுகளுக்குக் கூரையும் இல்லை. உயிரோடை இருக்கிற ஆக்கள் அப்பிடி ஊரிலை இருப்பினமோ?"

நான் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை. உன் முகம் தெரிகிற ஒரு படத்தை உடனே அனுப்பு.

அம்மா


18.12.1994

அன்புள்ள அப்பா,

நான் அமலினி. அப்பம்மா உங்களுக்கு எழுதின நத்தார் வாழ்த்துக்குள்ளை இதை ஒளிச்சு வைக்கிறன். அவவுக்குச் சொல்லாதேங்கோ. நான் சுகம். நீங்கள் சுகமோ எண்டு கேக்கலாமோ தெரியாது.

நீங்கள் செத்தது அப்பம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆர் கேட்டாலும் அமெரிக்கா அமெரிக்கா எண்டு சொல்லுறா. நான் இனிச் சொல்லமாட்டன், அவ அழுவா.

ரயில் வடிவாய் இருக்கு. அதை நீங்கள் செத்தாப் பிறகு செய்தனீங்களோ, முதலோ? அம்மா உங்களோடை அந்த ஊரிலைதான் இருக்கிறாவோ? அங்கை குடிக்கத் தண்ணி இருக்கோ? மழை பெய்தால் என்ன செய்வீங்கள்? கூரை இல்லைத்தானே.

சுவரிலை பிள்ளையளுக்குக் கோடு போட்டிருக்காம் எண்டு அப்பம்மா வாசிச்சவ. எனக்கும் ஒரு கோடு போடுங்கோ. நான் இப்ப அப்பம்மாவின்ரை தோள்மூட்டுக்கு வந்திட்டன்.

அமலினி


22.1.1995

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உயிரோடுதான் இருக்கிறேன். கொட்வின் எடுத்த படம் வைத்திருக்கிறேன். தொலைபேசி எடுக்க இங்கே வசதிப்படவில்லை. வேறு விசேசம் ஒன்றுமில்லை.

அமலினிக் குஞ்சுக்கு: அப்பா சாகவில்லை, ராசாத்தி. அம்மா இங்கே இல்லை, அவ மோட்சத்தில் இருக்கிறா. தண்ணீர் இருக்கிறது. மழை பெய்வதே இல்லை. உனக்குக் கோடு போட்டுவிட்டேன். தோள்மூட்டு என்றால் எவ்வளவு என்று தெரியாமல் கனநேரம் யோசித்துத்தான் போட்டேன்.

வலன்ரைன்


மடு மாதா துணை

பலெர்மோ
19.2.1995

அன்பு மகனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம்.

படம் கிடைத்தது. முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, தாடியோடு நிற்கிறாய். மனேச்சர் முகமா இது? அமலினியிடம் கொடுத்தேன். "பாத்தியோ, அப்பா உயிரோடை நிக்கிறார்" என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மாவும் படத்திலை நிக்கிறாதானே" என்று சுவரைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். படத்தால் இனி ஆகாது, மோனே.

இன்னும் ஒன்று. உன் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் தான் மடித்து உன் உடுப்புப் பெட்டியில் வைத்த சாரம் அவளுக்குத் தெரியாதா? உனக்குப் பின்னால், கூரையில்லாத வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அதில் உன் நீலச் சதுரச் சாரம் காய்கிறது. பக்கத்தில் துவாய். அடுப்புக் கல்லும் தெரிகிறது. ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊரில் உன் சாரம் ஏன் காய்கிறது? தண்டவாளம் விடியக் கிணுகிணுக்கிறதும் பின்னேரம் மலை நிறம் மாறுகிறதும் உனக்கு எப்படித் தெரியும்?

நீ எங்கே இருக்கிறாய்? உண்மையை எழுது.

அம்மா


பலெர்மோ
26.3.1995

அன்பான தம்பி கொட்வினுக்கு,

நீங்களும் குடும்பமும் சுகமென்று நம்புகிறேன். நான் வலன்ரைனின் தாய் றோசமலர். இதுவரை உங்களுக்கென்று தனியாக எழுதியதில்லை, மன்னிக்கவும்.

மகனிடமிருந்து பதில் வரவில்லை. தவக்காலம் முழுக்கத் தபால்காரனின் முகத்தைப் பார்த்தபடி போகிறது. அவனுக்கும் என்னைக் கண்டால் வெட்கமாகிவிட்டது, கையை விரித்துக்கொண்டே வருகிறான். என் பிள்ளை எங்கே, தம்பி? நல்லதோ கெட்டதோ, ஒளிக்காமல் எழுதுங்கள்.

றோசமலர்


லொஸ் ஏஞ்சலிஸ்
12.4.1995

மதிப்புக்குரிய மாமிக்கு,

கர்த்தரின் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறோம்.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று வலன்ரைன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். பெரிய வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு உங்களுக்குப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவன் வேலை செய்த பெற்றோல் நிலையம் நகரத்தில் இல்லை. அந்தப் பாழூரில், பழைய நெடுஞ்சாலைக் கரையில்தான் இருந்தது. வாகனம் வரவில்லையென்று முதலாளி போன வருசமே பூட்டிவிட்டார். விற்கும்வரை காவலுக்கு இரு என்று அவனை விட்டுவிட்டுப் போனார். அவர் இப்போது ஆள் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதத்தில் ஒருதரம் நான் அரிசி, மா, உங்கள் கடிதம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த ஊரில் அவன் ஒருவன்தான், மாமி.

என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தரம் கேட்டேன். "அங்கை எங்கடை சனம் இருக்கு, மச்சான். ஒருத்தன் கண்டாலும் பலெர்மோவுக்குக் கதை போயிடும். அம்மா மனேச்சர் எண்டு சொல்லிவைச்சிருக்கிறா" என்றான். சரி, இத்தாலிக்குப் போ என்றால், "மனேச்சர் சாரத்தோடை போய் இறங்கலாமோ?" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் அகதி வழக்குத் தவணை. ஏற்றப் போனேன், காருக்குள் ஏறவில்லை. ஆகவே அமெரிக்கக் கதவு சாத்தியாயிற்று. இனி இருப்பது ஜூன் ஒன்றுதான். அதையும் இப்படியே விட்டுவிடுவான் போலிருக்கிறது. பிள்ளையின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். உங்களுக்குப் பதில் எழுதக் கடதாசி எடுப்பான், "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதுவான், பிறகு அப்படியே இருப்பான்.

கொட்வின்


மடு மாதா துணை

பலெர்மோ
30.4.1995

வலன்ரைன்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கொட்வின் தம்பி எழுதிவிட்டார், அவரோடு கோபிக்காதே.

இன்று பூசை முடிந்து சனம் முழுக்கக் கோவில் வாசலில் நின்றது. நான் படியில் ஏறி நின்றேன். "எல்லாரும் கேளுங்கோ. என்ரை மோன் மனேச்சரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாலைவனத்திலை பூட்டிக்கிடக்கிற பெற்றோல் நிலையத்துக்குக் காவலிருக்கிறான். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ. அவன் வந்து இறங்கேக்கை ஒரு பல்லும் தெரியப்படாது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அருளையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் கொம்பனியிலை கணக்குப் பாக்கிறன் எண்டு பெண்சாதிக்கு எழுதியிருக்கிறன், அக்கா. பாக்கிறது படிக்கட்டுக் கழுவுற வேலை."

பிறகு ஞானம்பிகை. "என்ரை மருமோன் டொக்குத்தர் வீட்டிலை எண்டு சொல்லுறனானெல்லே? டொக்குத்தர் வீட்டிலைதான். நாயைக் குளிப்பாட்டுறார்."

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நாய் கடிச்ச நேரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தானே."

அப்போது வந்ததே ஒரு சிரிப்பு! சுவாமி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன், மோனே. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆகவே இங்கே ஒருவரும் மனேச்சரைத் தேடவில்லை. சாரத்தோடு வந்து இறங்கு. அருளையா தன் இடத்தில் இன்னொரு ஆளுக்கு வேலை இருக்கிறது என்கிறார்.

உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது. அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் இங்கே ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஜூன் முடியுமுன் வா. வராவிட்டால் வருகிற நவம்பரில் உன் பேரை நானே எழுதி அந்தப் பெட்டிக்குள் போடுவேன். சுவாமி வாசிக்கும்போது எழும்பிச் சத்தம் போடமாட்டேன்.

அம்மா


மடு மாதா துணை

பலெர்மோ
25.6.1995

அன்பான தம்பி கொட்வினுக்கு,

நீங்களும் பெண்சாதி பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்கள் இங்கே மூன்று பேரும் சுகம். மூன்று பேரும் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதவேண்டியவன் மூலையில் நித்திரை. அதனால் நான் எழுதுகிறேன். டிக்கெட் எடுத்துக் கொடுத்து விமான நிலையம்வரை கொண்டுபோய் விட்டதற்கு உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

றோமிலிருந்து ரயிலில் வந்து இறங்கினான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அமலினி வரவில்லை. தூணடியில் நின்று அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாவன், அப்பாவடி!"

"ஆவியெண்டால் கால் நிலத்திலை முட்டாதாம், என்னோடை படிக்கிற றம்யா சொன்னவள். சப்பாத்துப் போட்டிருக்கிறார், தெரியேல்லை."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். அத்தனை சனத்துக்கு நடுவில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான், வெறுங்காலோடு எழும்பி நின்றான். அவள் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "விடியட்டும், பாப்பம்" என்றாள். செத்தவர்கள் வந்தால் விடியுமுன் போய்விடுவார்களாம்.

அன்றிரவு தன் பாயை வாசற்கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்தாள். விடிந்து நான் எழும்பியபோது இவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அவள் பக்கத்தில் இருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"போகேல்லை, அப்பம்மா" என்றாள் மெதுவாக, அவனை எழுப்பிவிடாமல்.

அடுத்த நாள் குவெஸ்தூராவுக்கு மூன்று பேருமாகப் போனோம். நீண்ட வரிசை, நல்ல வெயில். எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர் பழைய பெர்மெசோப் படத்தைப் பார்க்கிறார், இவனைப் பார்க்கிறார். திரும்பவும் படத்தைப் பார்க்கிறார். படத்தில் கன்னம் கொழுத்த பெடியன். முன்னால் நிற்பது பாலைவனத்தில் காய்ந்த ஒரு மனிசன்.

"இது நீங்கள்தானா?" என்று கேட்டார்.

இவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இத்தனை காலம் யாரோடும் கதையாமல் இருந்தவன், தம்பி. அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லையோ என்று பயந்து மாதாவைக் கூப்பிட்டேன்.

அமலினி முன்னால் போய், கண்ணாடியைப் பிடித்து நுனிக்காலில் எம்பி நின்றாள். இத்தாலி மொழியில், பலெர்மோப் பிள்ளைகள் இழுக்கிற இழுப்போடு சொன்னாள்:

"இவர்தான். விடியுமட்டும் பாத்தனான். போகேல்லை."

அந்த மனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

பசித்த நேரம் பலெர்மோவில் உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் மாமி
றோசமலர்